கூட்டம் கூட்டுவது பாதி வேலைதான்

பொதுக்கூட்டம் என்றால் பெரும்பாலோருக்கு மேடையும் தலைவரும் கைதட்டலும் நினைவுக்கு வரும். எனக்கு நோட்டீஸ்தான் நினைவுக்கு வரும். அதிலும் அதன் கீழ்ப்பாதி, "முன்னிலை" என்று போட்டு அதற்குக் கீழே மூன்று பத்தியாகப் பொடி எழுத்தில் அச்சாகிற பெயர்கள். திருவாரூர் மாவட்டத்தின் ஒரு சின்ன நகரத்தில் பல வருடங்களாகக் கட்சிக் கூட்டங்களுக்கு ஏற்பாடு செய்கிறவர்களில் நானும் ஒருவன். எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் உங்களில் பாதிப் பேர் இந்த வரியோடு எழுந்து போய்விடுவீர்கள், மீதிப் பேர் மேற்கொண்டு படிக்காமலே விசிலடிப்பீர்கள். கொடியின் நிறம்தான் வேறு, வேலை எல்லாக் கட்சியிலும் ஒன்றுதான்.

தலைமை யார், சிறப்புரை யார் என்பதில் பெரிய தகராறு வராது. அது மேலே முடிவாகி வந்துவிடும். தகராறெல்லாம் முன்னிலையில்தான். ஒன்றியச் செயலாளருக்கு அடுத்து நகரச் செயலாளரா, மாவட்டப் பிரதிநிதியா? இளைஞரணிக்கு மேலே மகளிரணியா, கீழேயா? முதல் வரிசையில் ஒரே தெருக்காரர்களாக விழுந்துவிட்டால் மறுநாள் டீக்கடையில் அதற்குச் சாதிக் கணக்கு எழுதப்பட்டுவிடும். ஒரு பெயர் விட்டுப்போனால் அந்த ஆள் மட்டும் வராமல் இருக்க மாட்டார், அவரோடு ஒரு வேன் ஆளும் வராது. அதனால் அச்சகத்துக்குப் போவதற்கு முன் பழைய நோட்டீஸை எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாக ஒப்பிடுவோம்.

"என்னண்ணே, எம் பேரு நாலாவது வரிசைக்குப் போயிடுச்சு. போன தடவ ரெண்டாவதுல இருந்துச்சே?"

"தம்பி, போன தடவ நோட்டீஸ் அகலம்."

இந்தப் பதிலில் அவர் சமாதானம் ஆகவில்லை என்பதும், கூட்டத்துக்கு வந்தார் என்பதும் உண்மை. வந்து முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நோட்டீஸில் ஏறிய பெயர் அதோடு நிற்காது, மேடைக்கும் வரும். பேசுகிற ஒவ்வொருவரும் "அவர்களே, அவர்களே" என்று எல்லாரையும் விளித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். நாற்பது பெயர், பெயருக்கு நான்கு விநாடி என்று வைத்துக்கொண்டாலும் இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஆகிறது. எட்டுப் பேர் பேசினால் இருபது நிமிடம் பெயரிலேயே போயிற்று. விளிப்பதை ஒருவரோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எல்லாரும் நல்ல யோசனை என்றார்கள். ஒருவரும் நிறுத்தவில்லை. விட்டுப்போன பெயருக்கு விளக்கம் சொல்வதைவிட இருபது நிமிடத்தை இழப்பது சுலபம் என்று எல்லாருக்கும் தெரியும்.

இந்த இருபது நிமிடம் ஏன் பெரிதாகத் தெரிகிறது என்றால், கூட்டத்துக்கு இப்போது கறாரான கடைசி நேரம் இருக்கிறது. ஒரு காலத்தில் கூட்டம் சூடு பிடிப்பதே பத்து மணிக்கு மேல்தான். "மாதமோ சித்திரை, மணியோ பத்தரை, உங்களுக்கோ நித்திரை" என்று அண்ணா தாமதமாக வந்த கூட்டத்தில் தொடங்கியதாகச் சொல்லும் வரியை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். இன்று அந்தப் பத்தரைக்கு மைக்கில் வாய் திறக்க முடியாது. 2000இல் வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. 2005இல் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல்தான் வரம்பு, கடைத்தெருவில் 65. இந்த அளவைக் கருவி வைத்துப் பார்த்தால் எங்கள் ஊரில் தேங்காய்க் கடைக்காரர் கூவுவதே விதிமீறல்தான். ஆனால் பத்து மணி என்பதைப் பார்க்கக் கருவி வேண்டாம், உதவி ஆய்வாளரின் கைக்கடிகாரம் போதும். ஒன்பது ஐம்பதுக்கு அவர் மேடைக்குப் பக்கவாட்டில் வந்து நின்று மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார்.

தேதி பிடிப்பது டெல்டாவில் தனி வித்தை. தை, மாசி சம்பா அறுவடைக் காலம். அறுப்பதென்னவோ இப்போது இயந்திரம்தான், ஆனால் நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு, எப்போது எடை போடுவார்கள் என்று தெரியாமல், மழைக்குப் பயந்து தார்ப்பாயோடு காவல் இருப்பவர் எந்தத் தலைவருக்காகவும் எழுந்து வர மாட்டார். வைகாசியிலும் ஆவணியிலும் முகூர்த்த நாளில் வேன் கிடைக்காது, நாற்காலி கிடைக்காது, கட்சிக்காரர்களே பாதிப் பேர் கல்யாண மண்டபத்தில் இருப்பார்கள். ஆடியில் நாற்காலி தாராளமாகக் கிடைக்கும், ஆனால் மைக் செட்டெல்லாம் மாரியம்மன் கோயில்களுக்குப் போயிருக்கும். மார்ச்சில் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு. ஐப்பசி, கார்த்திகையில் மழை. 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டுகிற மழையில் திமுகவின் தொடக்கக் கூட்டம் நடந்ததைச் சொல்லிப் பெருமைப்படுகிற பேச்சாளர்கள் உண்டு. கேட்டவர்களுக்கும் பேசியவர்களுக்கும் அது பெருமைதான். மைக் செட்காரர் மழையை அப்படிப் பார்ப்பதில்லை. ஆம்ப்ளிஃபையர்மேல் சாக்கைப் போர்த்திவிட்டு, "இன்னும் ரெண்டு தூறல் விழுந்தா கனெக்‌ஷனைப் பிடுங்கிடுவேன்" என்று நிற்பார். அவர் பிடுங்குவதுதான் சரியும்கூட.

கோடைத் தேர்தல் என்றால் வெயில். 2016 ஏப்ரலில் விருத்தாசலத்தில் ஒரு தேர்தல் கூட்டத்தில் வெயில் தாங்காமல் இரண்டு பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் பிற்பகல் மூன்று மணிக்கு ஆட்களைக் கொண்டுவந்து உட்காரவைக்கிற வழக்கம் ஒழியவில்லை. தலைவர் மாலை ஆறு மணிக்கு வருவார் என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அவர் வரும்போது மைதானம் நிரம்பியிருக்க வேண்டும் என்பதற்காக மூன்று மணிக்கே நாற்காலியில் ஆள் இருக்க வேண்டும்.

அனுமதிக்கு மனு கொடுப்பதை விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. மாவட்டங்களில் 1861ஆம் வருடக் காவல் சட்டத்தின் 30ஆம் பிரிவு, சென்னையில் 1888ஆம் வருட நகரக் காவல் சட்டத்தின் 41ஆம் பிரிவு. வெள்ளைக்காரன் போட்ட இரண்டு சட்டங்கள் இன்னும் நம் கூட்டங்களை நடத்திக்கொண்டிருக்கின்றன. தேர்தல் அறிவித்துவிட்டால் தேர்தல் ஆணையத்தின் சுவிதா என்ற இணைய வசதி வழியாகவும் கேட்கலாம், முதலில் விண்ணப்பித்தவருக்கு முதல் உரிமை என்பது கணக்கு. தேரடி யாருக்கு என்று இரண்டு கட்சிகள் காவல் நிலைய வாசலில் முறைத்துக்கொண்டு நின்ற நாட்களைப் பார்த்தவன் என்ற முறையில் இது நல்ல மாற்றம் என்றே சொல்வேன்.

அனுமதிக் கடிதத்தில் நிபந்தனைகள் வரிசையாக இருக்கும். சாதி மதப் பகையைத் தூண்டிப் பேசக் கூடாது, போக்குவரத்துக்கு இடைஞ்சல் கூடாது, கூம்பு வடிவ ஒலிபெருக்கி கூடாது, குடிநீர் வைக்க வேண்டும், தொண்டர்களைக் கொண்டே கூட்டத்தை ஒழுங்குபடுத்த வேண்டும், இப்படி. கையெழுத்துப் போட்டு வாங்கி, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வோம். அந்தக் கடிதத்தை முழுக்கப் படித்த கட்சிக்காரரை விரல் விட்டு எண்ணிவிடலாம். படித்தால் ஒன்று புரியும்: ஆட்கள் வருவதைப் பற்றியும் இருப்பதைப் பற்றியும் அதில் நிறைய இருக்கும். கூட்டம் முடிந்த பிறகு அவர்கள் எப்படிப் போவார்கள் என்பதற்கு ஒரு வரி இருந்தாலே அதிகம்.

நாங்களும் அப்படித்தான் யோசித்துப் பழகியவர்கள். திட்டக் கூட்டம் போட்டால் முதல் கேள்வி, எத்தனை வேன்? இரண்டாவது கேள்வி, எந்தக் கிளையிலிருந்து எத்தனை பேர்? அப்புறம் டிபன், அப்புறம் சால்வை. கூட்டம் சேர்ப்பதற்கு ஊருக்கு ஒரு அக்கா இருப்பார். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களை அவர்தான் திரட்டுவார். தலைக்கு இவ்வளவு என்று கொடுப்பதைப் பற்றி வெளியில் பேசினால் எல்லாக் கட்சியும் கோபப்படும், உள்ளே பேசினால் எல்லாக் கட்சியும் தொகையைத்தான் பேசும். வருகிற பெண்களை இதற்காகக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. ஒரு மாலைப்பொழுதை, சில நேரம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறார்கள். அவர்கள் கேட்பதெல்லாம் இரண்டுதான். "ஒன்பது மணிக்குள்ள வீட்டுல விட்டுருவீங்களா தம்பி?" என்பது ஒன்று. இரண்டாவதை ஆண்களிடம் கேட்க மாட்டார்கள், அந்த அக்காவிடம் கேட்பார்கள்: அங்கே கழிப்பறை இருக்கிறதா என்று. நாற்பதடி மேடைக்குப் பணம் இருக்கும். இதற்கு இருக்காது.

எங்கள் ஊரில் கூட்டம் என்றால் தேரடிதான். சின்னக் கூட்டமென்றால் டிராக்டர் டிரெய்லரை நிறுத்தி, மேலே ஜமுக்காளம் விரித்து, நான்கு பக்கமும் கொடித்துணி சுற்றிவிட்டால் மேடை தயார். பெரிய கூட்டத்துக்குச் சவுக்குக் கம்பும் பலகையும் வரும். பந்தல்காரர் மேடை போட்டு முடித்ததும் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் போவார்: இருபத்தைந்து பேருக்கு மேல் ஏறாதீர்கள். முன்னிலையில் நாற்பது பெயர் அச்சடித்த கட்சி இதற்கு என்ன செய்யும்? தலைவர் வந்து இறங்கியதும் சால்வையும் கையுமாக எல்லாரும் ஏறுவார்கள். பலகை கொஞ்சம் தாழும். அப்போது பந்தல்காரர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

நாற்காலி போடுவதிலும் சூட்சுமம் உண்டு. வருவார்கள் என்று எதிர்பார்க்கிற எண்ணிக்கையில் பாதிக்குத்தான் போட வேண்டும். முன்வரிசை நாற்காலி காலியாக இருந்தாலும் பாதிப் பேர் பின்னால் நின்றுதான் கேட்பார்கள். அது நம் ஊர்ப் பழக்கம். கடை வாசலிலும் திண்ணையிலும் சைக்கிள் ஸ்டாண்டிலும் நிற்கிற அந்தப் பின்வரிசைதான் என்னைப் பொறுத்தவரை உண்மையான கூட்டம். அவர்களை யாரும் வேனில் ஏற்றி வரவில்லை. பேச்சு சரியில்லை என்றால் பாதியில் போய்விடுவார்கள், நன்றாக இருந்தால் எதிர்க்கட்சிக்காரரும் நின்று கேட்பார். மேடையில் பேசுகிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள் முன்வரிசையைப் பார்த்துப் பேச மாட்டார்கள், டீக்கடையைப் பார்த்துப் பேசுவார்கள்.

எத்தனை பேர் வந்தார்கள் என்பதற்கு வருகிறேன். ஒரு கூட்டம் முடிந்ததும் எங்கள் ஆள் ஒருவர் பத்திரிகைகளுக்குச் செய்தி எழுதினார். பத்தாயிரம் பேர் திரண்டனர் என்று இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் என்று ஒரு இதழியல் பேராசிரியர் இருந்தார். 1960களில் மாணவர் போராட்டங்களைத் தன் அறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர், கீழே சதுக்கத்தில் கட்டம் கட்டமாகப் பிரிந்திருந்த தளத்தை வைத்துத் தலைகளை எண்ணிப் பார்த்தார். அவர் சொன்ன கணக்கு எளிமையானது: தளர்வாக நிற்கும் கூட்டத்தில் ஒருவருக்குப் பத்து சதுர அடி, நெருக்கமாக நின்றால் நாலரை சதுர அடி, நசுங்க நின்றால் இரண்டரை. எங்கள் தேரடித் தெரு முப்பது அடி அகலம். மேடையிலிருந்து கூட்டம் நின்ற இடம் வரை இருநூறு அடி என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளலாம். ஆறாயிரம் சதுர அடி. தளர்வாக நின்றால் அறுநூறு பேர். நெருக்கி நின்றால் ஆயிரத்து முந்நூறு சொச்சம். பத்தாயிரம் பேர் அங்கே நிற்க வேண்டுமென்றால் ஒருவர் தோளில் ஒருவராக ஏறி நிற்க வேண்டும்.

செய்தி எழுதியவரிடம் இதைச் சொன்னேன். "அண்ணே, அவங்க போன வாரம் எட்டாயிரம்னு போட்டாங்க. நாம எப்படிண்ணே அறுநூறுன்னு போடுறது?" என்றார். நியாயம்தான். ஆனால் இந்தக் கணக்கு பத்திரிகைக்காக இல்லை, நமக்காக. அந்தத் தெருவில் அறுநூறு பேர் வசதியாகக் கேட்கலாம், ஆயிரத்து முந்நூறில் திரும்ப இடமில்லை, இரண்டாயிரம் வந்தால் நாம் பிரார்த்தனை செய்ய ஆரம்பிக்கலாம். இது இடத்தை முடிவு செய்வதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய எண். தலைவர் மனம் குளிர வேண்டுமென்று பெரிய கூட்டத்துக்குச் சின்ன இடத்தைத் தேர்ந்தெடுக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மைதானத்தில் ஐயாயிரம் பேர் உட்கார்ந்தால் படத்தில் காலியாகத் தெரியும், தெருவில் ஆயிரம் பேர் நின்றாலே தலைகள் கடல் மாதிரி தெரியும். நிகழ்ச்சியை முடிவு செய்வது பெரும்பாலும் இந்தப் படம்தான்.

2025 செப்டம்பர் 27 அன்று இரவு கரூர் வேலுசாமிபுரத்திலிருந்து செய்தி வரத் தொடங்கியபோது நான் வீட்டில் இருந்தேன். தவெகவின் பிரசாரக் கூட்டம். நெரிசலில் 41 பேர் இறந்தார்கள், பெண்களும் குழந்தைகளும் அவர்களில் நிறைய. பத்தாயிரம் பேர் வருவார்கள் என்று ஏற்பாட்டாளர்கள் கேட்டிருந்ததாகவும் சுமார் 27,000 பேர் வந்ததாகவும் காவல்துறைத் தலைமை இயக்குநர் பொறுப்பில் இருந்தவர் சொன்னார். பகலிலிருந்து காத்திருந்த கூட்டம், தலைவரின் வண்டி வந்தது இரவு ஏழு மணிக்கு மேல். அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விசாரணையை சிபிஐக்கு மாற்றி, ஓய்வு பெற்ற நீதிபதி அஜய் ரஸ்தோகி தலைமையில் கண்காணிப்புக் குழுவும் போட்டது. யார் தவறு என்று சொல்ல நான் ஆளில்லை. அந்த இரவு எங்கள் கட்சிக்காரர்கள் குழுவில் ஆளுக்கு ஒரு பக்கம் குற்றம் சாட்டி எழுதிக்கொண்டிருந்தபோது, அந்தக் கட்சியின் பெயரை எடுத்துவிட்டு எங்கள் பெயரைப் போட்டால் என்ன மாறும் என்றுதான் எனக்குத் தோன்றியது. எங்கள் கூட்டங்களுக்கு அவ்வளவு பேர் வர மாட்டார்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு வித்தியாசம் தெரியவில்லை.

கும்பகோணம் எங்களுக்குப் பக்கம். 1992 மகாமகத்தில் நெரிசலில் ஐம்பது பேர் அளவில் இறந்ததை வீட்டில் சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். 2005 டிசம்பரில் சென்னை எம்.ஜி.ஆர். நகரில் வெள்ள நிவாரணம் வாங்க வந்த இடத்தில் 42 பேர் இறந்தார்கள். ஒன்று கோயில் விழா, ஒன்று நிவாரணம், ஒன்று அரசியல். காரணம் வேறு வேறாக இருந்தாலும் உடலுக்கு நடப்பது ஒன்றுதான். மிதிபட்டுச் சாகிறார்கள் என்றுதான் நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. நின்ற நிலையிலேயே நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு நின்றுபோகிறது. ஒரு சதுர மீட்டரில் ஏழு பேர் என்ற அளவுக்கு நெருக்கம் போய்விட்டால் அதற்குப் பிறகு யாரும் தன் விருப்பப்படி நகர முடியாது, கூட்டம் தள்ளுகிற பக்கம் போக வேண்டியதுதான் என்கிறார்கள் இதை ஆராய்ந்தவர்கள். அந்த நிலையில் மைக்கில் "தயவுசெய்து பின்னால் நகருங்கள்" என்று கத்திப் பயனில்லை. முன்னால் நிற்பவருக்குக் கேட்கும், அவரால் நகர முடியாது. பின்னால் நிற்பவரால் நகர முடியும், அவருக்கு முன்னால் என்ன நடக்கிறதென்று தெரியாது.

கரூருக்குப் பிறகு எங்கள் ஊரில் நடந்த முதல் கூட்டத்தின் ஏற்பாட்டில் நான் பிடிவாதமாக ஒரு பேச்சைத் தொடங்கினேன். எல்லாரும் எப்படி வீட்டுக்குப் போவார்கள்? முதலில் சிரித்தார்கள். "வந்தவனுக்குப் போகத் தெரியாதாண்ணே?" என்றார் இளைஞரணித் தம்பி ஒருவர். சரி, தெரியும் என்றே வைத்துக்கொள்வோம். கூட்டம் முடிகிற அந்தப் பத்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். அவர்களே சொன்னார்கள். "நன்றி, வணக்கம்" என்றதும் தலைவர் மேடையிலிருந்து இறங்குவார். செல்ஃபிக்காக முன்வரிசை முழுக்க அவர் காரை நோக்கி ஓடும். அதே நேரத்தில் பின்வரிசை வீட்டுக்குக் கிளம்பும். வேன்கள் தெருமுனையில் உள்பக்கம் பார்த்து நின்றுகொண்டு ரிவர்ஸ் எடுக்கும். எவரோ சரவெடியைக் கொளுத்துவார். அப்புறம் மைக் செட்காரர், டீசல் மிச்சம் பிடிப்பதற்காக, ஜெனரேட்டரை நிறுத்துவார்.

இந்தக் கடைசி விஷயத்தை வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். கூட்டம் முடிந்த இரண்டாவது நிமிடம் விளக்கெல்லாம் அணைந்துவிடும். தேரடியில் மூடாத சாக்கடை ஒன்று இருக்கிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு செருப்பைத் தேடுகிற பெண்கள் அந்த இருட்டில்தான் தங்கள் வேனைக் கண்டுபிடிக்க வேண்டும். இத்தனை வருடங்களில் ஒருவர் கால் முறிந்ததைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை என்பது எங்கள் ஏற்பாட்டின் பெருமையில்லை. வந்தவர்கள் நிதானமானவர்கள், அவ்வளவுதான்.

நாங்கள் செய்தவை பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை. வேன்களை வந்தவுடனேயே திருப்பி, வெளியே போகிற திசையில் முகம் வைத்து நிறுத்தச் சொன்னோம். ஓட்டுநர்கள் முணுமுணுத்தார்கள், செய்தார்கள். எந்த ஊர் வேன் எங்கே நிற்கிறது என்று இறங்கும்போதே பெண்களிடம் காட்டிவிட்டோம். தெருவின் ஒரு ஓரத்தில் எட்டடி அகலத்துக்குக் கயிறு கட்டி 108 வருவதற்கு விட்டோம். அந்த எட்டடிக்குள் நாற்காலி போட முயன்றவர்களில் முதல் ஆள் எங்கள் முன்னாள் கவுன்சிலர். கயிறுக்குப் பக்கத்தில் நின்ற தம்பிக்கு வயது பத்தொன்பது இருக்கும், "ஐயா, அங்கே வேண்டாங்கய்யா" என்று தலையைச் சொறிந்துகொண்டே சொன்னான், விட்டுக்கொடுக்கவில்லை. அவனை அடுத்த கூட்டத்துக்கும் அதே இடத்தில்தான் நிறுத்தினோம்.

தலைவரின் கார் விஷயம்தான் கடினம். பேச்சு முடிந்ததும் அவர் இறங்கக் கூடாது, மேடைக்குப் பின்னாலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும், கூட்டம் கலைந்த பிறகு பின்பக்கச் சந்து வழியாகப் போக வேண்டும் என்று சொல்லியனுப்பினோம். சொல்லியனுப்பிய ஆள் திரும்பி வந்து, "அவர் ஜனங்களைப் பார்க்காமப் போக மாட்டாராம்" என்றார். தலைவர்களுக்கு இது புரிவது சிரமம். கார் கண்ணாடியில் கை தட்டுகிற கூட்டத்தின் நடுவே ஊர்ந்து போவது அவர்களுக்கு அன்றைய கூலி. கடைசியில் நகரச் செயலாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். பேச்சு முடிந்ததும் மேடையிலேயே வைத்து மூத்த உறுப்பினர்களுக்குச் சால்வை போடுகிற நிகழ்ச்சியை வைத்துவிட்டார். தலைவர் படத்துக்கு நின்றார். அதைப் பார்க்க விரும்பாதவர்கள் கிளம்பினார்கள், அதாவது முக்கால்வாசிப் பேர். கால் மணி நேரத்தில் தெருவில் நடக்க இடம் கிடைத்துவிட்டது. மைக் பத்து மணிக்கு நின்றது, சால்வைக்கு மைக் வேண்டியதில்லை.

பேச்சைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று நினைக்கலாம். அன்றைக்குச் சிறப்புரையாற்றியவருக்கு இருபத்திரண்டு நிமிடம் கிடைத்தது, அவர் தயாராக வந்தது ஒரு மணி நேரத்துக்கு. காவிரி நீர், கொள்முதல் விலை, ஈரப்பத அளவு என்று தொடங்கியபோது டீக்கடை ஓரம் அமைதியாயிற்று. நெல்லில் 17 சதவீத ஈரப்பதம் வரைதான் எடுப்பார்கள் என்பது எங்கள் பகுதியில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும், அந்த எண்ணைச் சரியாகச் சொல்கிற பேச்சாளருக்குக் காது கொடுப்பார்கள். அப்புறம் அவர் எதிர்க்கட்சித் தலைவரைப் பற்றிக் கிண்டல் ஒன்று சொன்னார். முன்வரிசை கைதட்டியது. டீக்கடையில் நின்றிருந்த இரண்டு பேர் கண்ணாடி டம்ளரை வைத்துவிட்டுப் போனார்கள்.

தேர்தல் நேரம் என்றால் இதெல்லாம் படம் பிடிக்கப்பட்டுக் கணக்கில் ஏறும். வீடியோ கண்காணிப்புக் குழு வந்து நாற்காலி, கொடி, வேன், மேடை அகலம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகும். அதற்கு மாவட்ட நிர்வாகம் நிர்ணயித்த விலைப்பட்டியல் உண்டு, டீக்கு இவ்வளவு, பிரியாணிக்கு இவ்வளவு என்று. அதன்படி ஆணையத்தின் நிழல் பதிவேட்டில், அதாவது வேட்பாளர் காட்டும் கணக்கோடு ஒப்பிட அதிகாரிகள் தனியாக வைத்திருக்கிற பதிவேட்டில், வேட்பாளர் பெயரில் எழுதுவார்கள். 2022 முதல் தமிழகத்தில் சட்டமன்றத் தொகுதிக்கு வேட்பாளர் செலவு வரம்பு 40 லட்சம், மக்களவைக்கு 95 லட்சம். இதற்குள் எல்லாக் கட்சிகளும் செலவை முடித்துவிடுகின்றன என்பதை நம்ப நான் தயார், மற்றவர்களைப் பற்றித் தெரியாது. போஸ்டரில் அச்சகத்தார் பெயரும் வெளியிடுபவர் பெயரும் இருக்க வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு சொல்கிறது. முகத்தை விட்டுவிட்டு அந்தப் பொடி எழுத்தைத்தான் அதிகாரிகள் முதலில் தேடுவார்கள்.

தேர்தல் இல்லாத நாளில் கணக்கு நமக்கு நாமே எழுதிக்கொள்வது. மறுநாள் காலையில் பந்தல்காரர் உடைந்த நாற்காலியோடு வருவார், அச்சகத்துக்காரர் பாக்கியைக் கேட்பார், வேன்காரர்கள் இரவே வாங்கிக்கொண்டிருப்பார்கள். இம்முறை மைக் செட்காரர் கூடுதலாக ஒரு பில் நீட்டினார். கடைசி வேன் போகும் வரை விளக்கு எரிய வேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடித்ததற்கான டீசல். நகரப் பொருளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார், "ஆளே இல்லாத தெருவுக்கு எதுக்குய்யா லைட்டு?"

ஆள் போய்க்கொண்டிருந்த தெருவுக்கு என்று நகரச் செயலாளர் சொன்னார். பணம் கொடுத்தோம். அதன் பிறகு பொருளாளரே மதிப்பீட்டுத் தாளில் "கலைவுச் செலவு" என்று ஒரு தலைப்பைச் சேர்த்துவிட்டார். டீசல், கயிறு, தண்ணீர், தற்காலிகக் கழிப்பறை வாடகை, வேன்கள் காத்திருந்ததற்கான கூலி. எல்லாம் சேர்த்தும் சால்வைக்கு ஆன செலவைத் தொடவில்லை.